தோல் சொல்லும் சேதி – 11: மூன்றே நாளில் அடங்கிய பரு

மரக்காணத்தில் நடந்த ஒரு முகாமில், சாப்பாட்டு நேரம் தாண்டி ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அம்மா உப்பளத்தில் வாரும் வேலை செய்கிறவர். பாதத்தில் உப்பு வெளுத்துக் காய்ந்திருந்தது. குதிகால் வெடிப்புகளுக்குள்ளும் வெள்ளைக் கோடுகள். அந்தக் காலைக் காட்ட அவர் வரவில்லை. மகளை முன்னால் தள்ளி, “இவ மூஞ்சியப் பாருங்க டாக்டரம்மா” என்றார்.

பிளஸ் டூ படிக்கிற பெண். துப்பட்டாவைக் கன்னம் மறைய இழுத்துப் பிடித்திருந்தாள். விலக்கச் சொன்னேன். இரண்டு கன்னமும் செக்கச் செவேலென்றிருந்தன. வெங்காயச் சருகு போல மெலிந்துவிட்ட தோல். அதனடியில் நூல் நூலாக ரத்தக் குழாய்கள். மேலே ஒரே அச்சில் வார்த்தது போலப் பொடிப் பொடிப் பருக்கள். மேலுதட்டில் பூனைமுடி அடர்ந்திருந்தது. ஆறு மாதத்துக்கு முன்பு பள்ளியில் எடுத்த படம் ஒன்று அம்மாவின் செல்போனில் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நெற்றியில் ஏழெட்டுப் பரு, மூக்கோரம் கொஞ்சம் கரும்புள்ளி. அவ்வளவுதான்.

அம்மா இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்தார். கடைசிச் சொட்டு வரை பிதுக்கி, அடியிலிருந்து சுருட்டி வைத்த ட்யூப். “பருன்னு சொன்னோம், கடையில எடுத்துக் குடுத்தாங்க. மூணே நாள்ல அடங்கிடுச்சும்மா. கலரும் வந்துச்சு. நிறுத்துனா மறுபடி வருது. அதான் விடாமப் போட்டோம்.”

பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். மொமெட்டசோன். ஸ்டீராய்டு.

இந்த வாரம் முழுக்க லேசான முகப்பருவைப் பற்றித்தான் எழுத நினைத்திருந்தேன். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்று. ஆனால் அந்த ‘மூணே நாள்’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. லேசான பருவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் தப்பு மருந்தைத் தேர்ந்தெடுப்பது அறியாமையால் மட்டுமல்ல. தப்பு மருந்துதான் வேகமாக வேலை செய்கிறது.

ஸ்டீராய்டு களிம்பு வீக்கத்தை அமுக்கும், ரத்தக் குழாயைச் சுருக்கும். அதனால் சிவப்பு மறையும், தோல் வெளுத்துத் தெரியும். பரு எங்கே பிறக்கிறதோ அந்த அடைப்பை அது தொடுவதே இல்லை. தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், புதுப் பரு கிளம்பும், நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். பயந்து மறுபடி அதே ட்யூபை வாங்குவார்கள். கொல்கத்தாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் கௌசிக் லாஹிரி இதற்கென்றே ஒரு பெயர் வைத்தார்: ஸ்டீராய்டால் கெட்ட முகம்.

2011-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு எனக்கு மனப்பாடம். நாடு முழுக்க 12 தோல் சிகிச்சை மையங்களில், முகத்தில் பிரச்சினை என்று வந்த 2,926 பேரை விசாரித்தார்கள். அவர்களில் 433 பேர், அதாவது 14.8 சதவீதம், முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். கால்வாசிப் பேர் பூசியதே பருவுக்காக. பருவைக் கிளப்பிவிடும் மருந்தைப் பருவுக்குப் பூசியிருக்கிறார்கள்! இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் தனிக் குழு அமைத்து ஆண்டுக்கணக்கில் போராடியது. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை ‘எச்’ அட்டவணையில் சேர்த்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சுருட்டிய ட்யூபிலும் சிவப்புக் கோடு இருக்கத்தான் செய்தது.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு வேறு வழியிலும் உண்டு. பதினேழு வயதில், அக்கா கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால், எங்கள் தெருமுனைக் கடையில் வாங்கிய களிம்பை நானும் பூசினேன். கல்யாண ஆல்பத்தில் என் முகம் பளிச்சென்று இருக்கும். அடுத்த ஒன்றரை வருடத்தில் எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எடுக்கவே விடவில்லை.

ஆகவே எந்தக் களிம்பானாலும் பெயரைப் பார்க்காதீர்கள், கீழே பொடியாக அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று இருந்தால் அது பருவுக்கானது அல்ல. ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிவருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே தூக்கி எறியவும் வேண்டாம். தோல் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி விடுங்கள். நிறுத்தியதும் முகம் கொதிக்கும் அந்தச் சில வாரங்களைத் தாண்டத் துணை வேண்டும்.

சரி, அந்தப் பழைய படத்தில் இருந்த முகத்துக்கு என்ன கொடுத்திருக்க வேண்டும்?

வயதுக்கு வரும் பருவத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் விழிக்கின்றன. மயிர்க்காலின் வாயில் செத்த தோல் அடைத்துக்கொள்கிறது. உள்ளே தேங்கும் எண்ணெயில் கிருமி பெருகுகிறது, பிறகு வீக்கம். வெளியே சிவந்து தெரிகிற பரு பல வாரங்களுக்கு முன்பே உள்ளே கருக்கொண்டுவிட்டது. நேற்றுத் தின்ற பஜ்ஜியின் மேல் பழி போடுவது அதனால்தான் நியாயமில்லை. கரும்புள்ளி, வெண்முள், அங்கங்கே சில சிவந்த பரு. கட்டி இல்லை, குழி இல்லை என்றால் அது லேசான பரு.

அதற்கு நான் முதலில் நினைப்பது இரண்டு மருந்துகள். ஒன்று பென்சாயில் பெராக்சைடு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. கிருமியைக் கொல்லும், கிருமிக்கு இதை எதிர்த்து நிற்கப் பழக்கம் வருவதில்லை. 2.5, 5, 10 சதவீதங்களில் கிடைக்கிறது. பத்துதான் வீரியம் என்று கேட்டு வாங்குவார்கள். 1980-களிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள்: சிவந்த பருவுக்கு 2.5-உம் 10-உம் ஏறக்குறைய ஒரே பலன், எரிச்சல் மட்டும் பத்தில் அதிகம். நம் ஊர் வெயிலுக்கு 2.5 போதும். ஒரு தொல்லை உண்டு: பட்ட துணியெல்லாம் வெளுக்கும். என் நோயாளிகளின் தலையணை உறைகளில் கன்னம் படுகிற இடம் மட்டும் திட்டுத் திட்டாக நிறம் போயிருக்கும். வெள்ளைத் துண்டு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கச் சொல்வேன். ட்யூபை வெயில் விழும் ஜன்னல் கட்டையிலும் தகரக் கூரையை ஒட்டிய பரணிலும் வைக்கக் கூடாது. சூட்டில் இந்த மருந்து சிதையும்.

இன்னொன்று அடாபலீன், 0.1 சதவீதம். வைட்டமின் ஏ வழி வந்தது. அடைப்பைத் திறப்பது இதுதான். கரும்புள்ளிதான் மிகுதி என்றால் இதையே முதலில் எழுதுவேன். அமெரிக்காவில் 2016 முதல் சீட்டு இல்லாமலே விற்கிறார்கள். இரவில், முகம் நன்றாக உலர்ந்த பிறகு, முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. பரு இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைப்பது வீண். அடுத்த பரு வரப்போவது பக்கத்து இடத்தில். முதலில் வாரம் இரண்டு மூன்று இரவு, பழகியதும் தினமும். ஆரம்ப வாரங்களில் தோல் உரியும், காந்தும். ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பாதிப் பேர் விட்டுவிடுவது இங்கேதான். மூடி வைத்த அந்த மூன்று நாள் மருந்து அப்போது நினைவுக்கு வரும். கர்ப்பிணிகளும் கருத்தரிக்க இருப்பவர்களும் அடாபலீனைத் தொடக் கூடாது. அவர்களுக்கு அசலாயிக் அமிலம் இருக்கிறது. பரு போன பிறகு தங்கும் கருந்தழும்பையும் அது மெல்ல வெளுக்கும். நம் நிறத்துக்குப் பருவைவிடத் தழும்பே பெரிய துக்கம், அதனால் இதை நான் அடிக்கடி எழுதுகிறேன். சாலிசிலிக் அமில ஃபேஸ்வாஷ் பக்கத்துணை, அவ்வளவே. கிளிண்டாமைசின் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் பூசினால் கிருமி பழகிவிடும்; பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் தர வேண்டும். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது.

எது போட்டாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம். இதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. அம்மாதான் குறுக்கே வந்தார்: “பாத்தியில தண்ணி கட்டுன அன்னைக்கே உப்பு விளையுமாடி?”

மழை முடிந்து தை வாக்கில் சேற்றை மிதித்துத் தரை இறுக்கி, பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றி மாற்றி, அது கனத்துப் பதம் வருவதற்குக் காத்திருக்கிறவர் அவர். நான் அரை மணி நேரம் பேசியும் இறங்காதது அந்த ஒரு கேள்வியில் இறங்கியது.

பிறகு வீட்டு வழக்கங்களுக்கு வந்தோம். பள்ளிக்குக் கிளம்பும்போது தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தலை வாருகிறார்கள். வியர்வையோடு அது நெற்றிக்கு இறங்கி மயிர்க்காலை அடைக்கிறது. தலைக்குப் பூசும் களிம்பால் நெற்றியில் பரு வருவதை அமெரிக்க மருத்துவர்கள் 1970-இலேயே எழுதிவைத்தார்கள். எண்ணெயே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இரவில் வைத்து, காலையில் அலசிவிடலாம். விடுமுறை நாளில் மகளும் அளத்துக்குக் கூடப்போவதுண்டாம். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கீழிருந்தும் முகத்தைச் சுடும், எனவே முகத்தை மூடத்தான் வேண்டும். ஆனால் இறுகக் கட்டிய துணி வியர்வையோடு உரசினால் தாடையில் பரு கிளம்பும். தளர்வான பருத்தித் துணி, மேலே அகல விளிம்புத் தொப்பி, வந்ததும் சோப்பை அழுத்தித் தேய்க்காமல் நல்ல தண்ணீரில் கழுவுதல். பக்கத்து வீட்டுப் பாட்டி ஜாதிக்காய் இழைத்துப் பூசச் சொன்னாராம், யாரோ எலுமிச்சை பிழியச் சொன்னார்களாம். ஜாதிக்காய் சிலருக்கு எரியும். எலுமிச்சைச் சாறோடு வெயிலில் நிற்பது வேறு: தோல் வெந்து கருத்துப்போகும். உப்பளத்து ஊரில் அதைச் செய்யவே கூடாது. கல்லுப்பைத் தேய்ப்பதும் அப்படித்தான்.

கட்டி கட்டியாக வந்தால், குழி விழ ஆரம்பித்தால், மாதவிடாய் தள்ளித் தள்ளிப்போவதோடு முகத்தில் முடியும் வளர்ந்தால், அல்லது பிள்ளை கண்ணாடி பார்க்கவே மறுத்தால் அது லேசான பரு இல்லை. பூச்சு மருந்தோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்தப் பெண்ணையும் நான் முகாமிலேயே முடித்து அனுப்பவில்லை. ஸ்டீராய்டிலிருந்து மீட்பதற்கு அடிக்கடி பார்க்க வேண்டும், பருவுக்கான மருந்தெல்லாம் அதற்கு அப்புறம். புதுச்சேரி ஜிப்மரின் தோல் பிரிவுக்குச் சீட்டு எழுதினேன். அம்மா அதைக் கையில் வாங்கி மடிக்காமல் வைத்திருந்தார். காலை பஸ்ஸைப் பிடித்தால்தான் ஓ.பி. டோக்கன், அன்றைய கூலி போகும். மருந்துக் கடையோ பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், வேலை முடிந்து வருகிற நேரத்துக்குத் திறந்திருக்கிறது, யாரையும் காக்க வைப்பதில்லை. மூன்று நாள் மருந்தை வாங்கிய அந்தத் தாயின் மேல் எனக்குத் துளியும் கோபம் வராததற்கு இதுதான் காரணம். சீட்டுக் கேட்காமல் எடுத்துக் கொடுத்த கையின் மேல் வருகிறது. வட்டாரத்துக்கு ஒரு அரசு மருத்துவமனையிலாவது வாரத்தில் ஒரு நாள், சாயங்காலம், தோல் மருத்துவர் உட்கார வேண்டும் என்று இந்தப் பத்தியில் முன்பும் எழுதியிருக்கிறேன். மறுபடி எழுதுகிறேன்.

“திங்கக்கெழம கூட்டிட்டுப் போறேம்மா” என்றார் கடைசியில். “ஒரு நாள் கூலிதான.”

மகள் எழுந்து போகாமல் நின்றாள். அவளுக்குத் தம்பி ஒருவன் இருக்கிறானாம், பத்தாவது, அவனுக்கும் நெற்றியில் வர ஆரம்பித்திருக்கிறதாம். “அவனுக்கு எது டாக்டர்?” என்று கேட்டு, கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திறந்து, பேனாவோடு காத்திருந்தாள். நான் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்ல எழுதினாள். 2.5 என்பதற்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டாள்.