கடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடார்

மின்சார கிடாரை ஓரம் வைத்துவிட்டு ஓர் ஆங்கிலேயர் தரையில் உட்கார்ந்தார். பிறந்தது 'சக்தி'.

புகழின் உச்சியில் இருந்த ஒரு ராக் இசைக் கலைஞர் 1975இல் செய்த காரியம் அவரது ரசிகர்கள் பலருக்குப் பிடிபடவே இல்லை. இங்கிலாந்தின் டான்காஸ்டரில் 1942இல் பிறந்த ஜான் மெக்லாலின், ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் கிடார் வாசித்துப் பெயர் வாங்கியவர். 1971இல் அவர் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா, ஜாஸையும் ராக்கையும் கலந்து, காதைப் பிளக்கும் சத்தத்தில் அரங்குகளை நிரப்பியது. (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது அவருடைய குரு ஸ்ரீ சின்மாய் அவருக்குச் சூட்டிய பெயர். முதல் குழுவில் இந்தியர் ஒருவர்கூடக் கிடையாது.)

அப்படிப்பட்டவர் திடீரென்று வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் 'விக்கு' விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன் ஆகியோரோடு சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இது ஏதோ ஒருநாள் மோகம் அல்ல. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் அந்நாட்களில் கர்நாடக சங்கீதத்துக்கு மேல்நாட்டில் கிடைத்த திண்ணைப் பள்ளிக்கூடம். அங்கே டாக்டர் எஸ். ராமநாதனிடம் மெக்லாலின் வீணை கற்றார். ராகவன் அங்கே மிருதங்க ஆசிரியர். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த சங்கர் ஆய்வு மாணவர்.

வீணை பிடித்த கைக்குச் சாதாரண கிடார் போதவில்லை. கமகத்துக்குத் தந்தியை இழுத்து வளைக்க வேண்டுமே! கிப்ஸன் நிறுவனம் அவருக்கென்றே ஒரு கிடார் செய்தது. மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கி, குறுக்கே சுருதி சேர்ப்பதற்கென 7 தந்திகளையும் பொருத்தினார்கள்.

கிழக்கும் மேற்கும் கைகோத்தன என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். உண்மையில் பெரிய விஷயம் வேறு. பம்பாய் தபலாவும் மதராஸ் கடமும் ஒரே மேடையில் சரிசமமாகப் பேசிக்கொண்டது நம் நாட்டிலேயே அபூர்வம். அதிலும் கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கம் விட்டுக்கொடுத்தால்தான் அதற்குச் சில நிமிடங்கள். சக்தியிலோ அது முன்வரிசைக்கு வந்தது. இரண்டாவது இசைத்தட்டிலிருந்து ராகவன் இல்லை.

முதல் இசைத்தட்டு 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சௌத்ஹாம்ப்டன் கல்லூரிக் கச்சேரியில் பதிவாகி, மறு ஆண்டு வெளிவந்தது. அதன் ஒரு பக்கம் முழுவதும் சுமார் 29 நிமிடங்களுக்கு ஒரே உருப்படி! வானொலியில் போட முடியாத நீளம். மகாவிஷ்ணுவின் இடிமுழக்கத்தை எதிர்பார்த்து வாங்கியவர்களுக்கு ஏமாற்றம். மேலும் இரண்டு இசைத்தட்டுகள். 1978இல் குழு கலைந்தது. ஏறக்குறைய மூன்றே ஆண்டு வாழ்வு. ஆனால் பின்னால் 'ஃப்யூஷன்' என்று பெயர் போட்டுக்கொண்டு வந்த நூறு குழுக்களுக்கு அதுதான் பால பாடம். (பலர் பாடத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்பது வேறு கதை.)

1997இல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் மறுபிறப்பு. சங்கரின் இடத்துக்கு வயலின் வரவில்லை. சற்றுப் பின்னர் மாண்டலின் வந்தது. ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ், மெக்லாலினுடன் போட்டி போட்டு வாசித்த விதத்தில் வயது வித்தியாசமே தெரியாது. விநாயக்ராமின் இடத்தில் கஞ்சிராவும் கடமுமாக அவர் மகன் செல்வகணேஷ். பாட சங்கர் மகாதேவன். 2014 செப்டம்பர் 19 அன்று, 45 வயதில் ஸ்ரீநிவாஸ் மறைந்தபோது குழு மௌனமானது.

பிறகு வயலின் கணேஷ் ராஜகோபாலன் சேர, 2023இல் 'திஸ் மொமென்ட்' வந்தது. 2024 பிப்ரவரியில் கிராமி விருது, மெக்லாலினின் 82ஆம் வயதில்! அன்றிரவு ஜாகிர் உசேன் வாங்கியவை மொத்தம் மூன்று கிராமிகள். அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அவர் காலமானார்.