வீட்டு வயரிங்: எம்.சி.பி இருந்தால் மட்டும் போதுமா? சுவர் பூசுவதற்கு முன் கவனிக்க வேண்டிய விஷயங்கள்!

'லோ வோல்டேஜ்' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, மே மாத ராத்திரியில் மெதுவாகச் சுற்றும் ஃபேன்தான். ஆனால், மின் பொறியாளர்களைப் பொறுத்தவரை அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேறு. சர்வதேசத் தரநிலைகளின்படி, 1,000 வோல்ட் வரையிலான ஏ.சி மின்சாரம் எல்லாமே 'லோ வோல்டேஜ்'தான். நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டும் அதில் அடக்கம். பெயரில்தான் 'லோ', ஓர் உயிரை எடுக்க அதுவே தாராளம்.

வீடு கட்டும்போது டைல்ஸுக்காக நாலு கடை ஏறி இறங்குகிறோம். சுவருக்குள் போகும் வயரை மட்டும், 'எலெக்ட்ரீஷியன் பார்த்துக்குவார்' என்று விட்டுவிடுகிறோம். சுவர் பூசி பெயின்ட் அடித்த பிறகு ஒரு லைனைப் பிரிக்க வேண்டும் என்றால், சுவரைக் கொத்தத்தான் வேண்டும். அதனால், கேட்க வேண்டியதை முன்பே கேட்டுவிடுவது நல்லது.

எம்.சி.பி வயருக்கு... ஆர்.சி.சி.பி உயிருக்கு!

'எங்க வீட்டுல எம்.சி.பி இருக்கு, ஷாக் அடிச்சா தானா ஆஃப் ஆகிடும்' என்று பலரும் நம்புகிறார்கள். இது ஆபத்தான நம்பிக்கை. லோடு அதிகமாகி வயர் சூடாகும்போதும், ஷார்ட் சர்க்யூட் ஆகும்போதும் இணைப்பைத் துண்டிப்பதுதான் எம்.சி.பி-யின் வேலை. அது காப்பது வயரை.

மின்சாரம் எவ்வளவு பாய்ந்தால் நமக்கு ஆபத்து? அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல் இதை ஆராய்ந்தார். சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லிஆம்ப்ஸ், பெண்களுக்கு 10.5 மில்லிஆம்ப்ஸ் தாண்டினால், பிடித்த கம்பியை விட முடியாமல் தசைகள் இறுகிவிடும் என்று கண்டறிந்தார். ஒரு சாதாரண 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி தாங்கும் மின்சாரமோ 16,000 மில்லிஆம்ப்ஸ். உடம்பில் ஷாக் பாய்வது அதற்குத் தெரியவே தெரியாது.

இங்கேதான் ஆர்.சி.சி.பி வருகிறது. கடைகளிலும் எலெக்ட்ரீஷியன்களிடமும் இதை ஈ.எல்.சி.பி என்றும் சொல்வார்கள். ஃபேஸ் வழியாகப் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று இது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். போனதில் கொஞ்சம் உடம்பு வழியாகவோ, ஈரச் சுவர் வழியாகவோ தரைக்கு இறங்கினால் கணக்கு உதைக்கும். வித்தியாசம் 30 மில்லிஆம்ப்ஸைத் தொட்டால், 0.3 விநாடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். மனிதர்களைக் காக்க வேண்டிய இடத்தில் 30 மில்லிஆம்ப்ஸ் அளவுதான் வாங்க வேண்டும். 100, 300 என்று இருப்பவை இதற்கு உதவாது.

புது வீடு என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆர்.சி.சி.பி-யில் 'ஏ.சி' டைப், 'ஏ' டைப் என்று ரகங்கள் உண்டு. (இந்த 'ஏ.சி'க்கும் குளிர்சாதனத்துக்கும் சம்பந்தமில்லை.) இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் போன்ற எலெக்ட்ரானிக் சர்க்யூட் உள்ள சாதனங்களுக்கு 'ஏ' டைப் பொருத்தமானது.

அடிக்கடி விழுகிறதா? கழற்றிவிடாதீர்கள்!

பல வீடுகளில் நடப்பது இதுதான். மொத்த வீட்டுக்கும் ஒரே ஓர் ஆர்.சி.சி.பி. மழை பெய்து கேட் லைட்டில் தண்ணீர் இறங்குகிறது. உடனே வீடு முழுக்க இருட்டு. ஃபிரிட்ஜ் ஓடவில்லை, குழந்தை அழுகிறது. 'இப்போதைக்கு டைரக்ட் கொடுத்துடலாம்' என்று ஆர்.சி.சி.பி-யைத் தாண்டி இணைப்பு கொடுக்கப்படுகிறது. அந்த 'இப்போதைக்கு' வருடக்கணக்கில் அப்படியே இருந்துவிடுகிறது.

இதில் அந்தக் கருவியின் மேல் தப்பில்லை. அது தன் வேலையைத்தான் செய்தது. குறை, வயரிங் டிசைனில் இருக்கிறது.

* மொட்டை மாடி, கேட் லைட், தண்ணீர் மோட்டார் போன்ற மழை படும் இடங்களுக்குத் தனி ஆர்.சி.சி.பி கொடுங்கள்.
* வீட்டுக்குள் மாடிக்கு ஒன்று அல்லது சமையலறை, பாத்ரூமுக்கு ஒன்று, மற்ற அறைகளுக்கு ஒன்று எனப் பிரியுங்கள். ஓர் இடத்துக் கோளாறு மொத்த வீட்டையும் இருட்டாக்காது.
* ஒவ்வோர் ஆர்.சி.சி.பி-க்கும் அதனதன் நியூட்ரல் தனியாக வர வேண்டும். ஒன்றோடு ஒன்று கலந்தால், கோளாறே இல்லாமலும் விழும். இன்வெர்ட்டர் லைன் போடும்போது இந்தக் குழப்பம் அதிகம் நடக்கிறது.

அப்படியும் விழுந்தால், எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு, எம்.சி.பி-களை ஆஃப் செய்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, பெரும்பாலும் அந்த லைனில்தான் கோளாறு. பிறகு எலெக்ட்ரீஷியனுக்குத் தேடும் வேலை பாதியாகக் குறையும்.

முதலில் பேப்பரில் வயரிங்!

பைப் பதிப்பதற்கு முன், எந்த அறையில் என்னென்ன வரப்போகிறது என்று எழுதுங்கள். இன்று இல்லாவிட்டாலும், நாளை வாங்கப்போகும் ஏசி, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜர் வரை சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸை 230-ஆல் வகுத்தால், எத்தனை ஆம்ப்ஸ் என்று உத்தேசமாகத் தெரிந்துவிடும். 2,000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 8.7 ஆம்ப்ஸ் இழுக்கும். அதே லைனில் இன்னொரு 2,000 வாட்ஸ் கீஸரும் ஓடினால் 17 ஆம்ப்ஸைத் தாண்டிவிடும். 16 ஆம்ப்ஸ் லைனுக்கு இது அதிகம்.

வழக்கமாக லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ, பவர் பிளக்குக்கு 2.5, ஏசி மற்றும் கீஸருக்கு 4 சதுர மி.மீ காப்பர் வயர் போடுவார்கள். ஏசி, கீஸர் ஒவ்வொன்றுக்கும் டி.பி பாக்ஸிலிருந்து தனி லைன் அவசியம். வயரைவிட எம்.சி.பி பெரிதாக இருக்கவே கூடாது. 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி அடிக்கடி விழுகிறதே என்று 32 போட்டால், அது விழாது. அதற்குப் பதில் சுவருக்குள் இருக்கும் வயர் சூடாகும்.

பச்சை வயரை மறக்காதீர்கள்!

பிளக்கின் மூன்றாவது துளை அலங்காரத்துக்கு இல்லை. அங்கிருந்து பச்சை வயர் எர்த் பிட் வரைக்கும் போக வேண்டும். எர்த் சரியாக இருந்தால், கிரைண்டரின் பாடியில் மின்சாரம் கசிந்ததுமே ஆர்.சி.சி.பி துண்டித்துவிடும். எர்த் இல்லாவிட்டால், யாராவது தொடும்வரை அது காத்திருக்கும். எர்த்துக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாயிலோ, நியூட்ரலிலோ இணைப்பதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

ஆர்.சி.சி.பி-க்கும் எல்லை உண்டு. ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டு, தரைக்குக் கசிவே இல்லையென்றால் அதற்குத் தெரியாது. ஓவர்லோடையும் பார்க்காது. அதனால் எம்.சி.பி, ஆர்.சி.சி.பி, எர்த் மூன்றும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

பைப்பும் வயரும் பதித்ததும், பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் மொபைலில் படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போதும், ரிப்பேரின்போதும் அந்தப் படங்கள் கைகொடுக்கும். வேலையை உரிமம் பெற்றவரிடமே கொடுங்கள்.

பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு...

ஆர்.சி.சி.பி-யில் 'டி' அல்லது 'டெஸ்ட்' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். டப்பென்று விழுந்தால் கருவி வேலை செய்கிறது. விழாவிட்டால் உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அப்படி ஒரு பட்டனே உங்கள் டி.பி பாக்ஸில் இல்லை என்றால், வீட்டில் ஆர்.சி.சி.பி-யே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். சுவரை உடைக்காமலே, டி.பி பாக்ஸில் அதைச் சேர்க்க பெரும்பாலான வீடுகளில் வழி இருக்கிறது. அடுத்த மழைக்காலம் வரை தள்ளிப்போடாதீர்கள்!