உங்களுக்குத் தெரியுமா? இதயம் காக்கும் புரதமும் அதைக் காட்டித்தரும் எதிர்ப்பொருளும்

மனித உடலில் சர்டுயின் எனப்படும் நொதிப் புரதங்கள் 7 வகை உள்ளன. பிற புரதங்களில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் தொகுதி என்னும் சிறு வேதிக்கூறை நீக்கி அவற்றின் செயலை மாற்றுவது இவற்றுட் பலவற்றின் பணியாகும். அவற்றுள் ஒன்றான சர்ட்2 குறைந்தால் இதயத் தசை நோய்த்தன்மையுடன் தடிக்கிறது என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் என். ரவி சுந்தரேசன் தலைமையிலான குழு எலிகளில் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டது.

கண்ணுக்குப் புலப்படாத இத்தகைய புரதத்தின் அளவை அறிய உதவுவது எதிர்ப்பொருள், அதாவது குறிப்பிட்ட புரதத்தின் ஒரு பகுதியை மட்டும் இனங்கண்டு பற்றும் நோயெதிர்ப்புப் புரதம். ‘வெஸ்டர்ன் பிளாட்’ முறையில், திசுவின் புரதங்களை மின்புலத்தால் கூழ்மத்தகட்டில் அளவுவாரியாகப் பிரித்து, மெல்லிய சவ்வுக்கு மாற்றி, அதன்மேல் எதிர்ப்பொருளை இட்டால், அது பற்றிக்கொண்ட இடம், நொதி இணைக்கப்பட்ட இரண்டாம் எதிர்ப்பொருளின் துணையால் ஒளிரும் பட்டையாகத் தெரிகிறது. ஆனால் 7 சர்டுயின்களுக்கும் மையப்பகுதி ஒத்திருப்பதால் எதிர்ப்பொருள் ஆள்மாறிப் பற்றக்கூடும். எனவே சர்ட்2 மரபணு நீக்கப்பட்ட எலியின் திசுவில் அந்தப் பட்டை மறைகிறதா என்று பார்ப்பதே மிக நம்பத்தக்க சோதனை; அதைத் தவிர்த்துப் பெறும் முடிவை ஏற்கத் தயங்குவதே முறை.