பந்தும் பளபளப்பும்

"கிரிக்கெட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பதைத்தான் செய்தித்தாள்கள் நாள்தோறும் சொல்கின்றனவே!" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். ஓட்டக் கணக்கை எழுத நான் வரவில்லை. பந்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். அதிலும் அதன் மேல்தோலைப் பற்றி மட்டுமே எழுதப் போகிறேன்.

நான் வளர்ந்தது இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அம்மா கொழுந்து கிள்ளுபவர். 2015-ஆம் ஆண்டு மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் திரண்டு நடத்திய போராட்டத்துக்குப் பின் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. அந்நாளில் நாங்கள் வாங்கிய தோல் பந்தின் விலை அம்மாவின் இரண்டு நாட்கூலி. ஆகவே, பந்தைப் பேணுவது எங்களுக்குப் பொழுதுபோக்கன்று, கடமை.

பந்தின் அமைப்பு

நடுவே தக்கை. அதன்மேல் இறுகச் சுற்றிய நூல். அதற்கும் மேலே சாயமிட்ட தோல். தோலின் இரு பாதிகளையும் இணைத்து, நடுவே வரிவரியாக எழுந்து நிற்கும் தையல். ஆடவர் ஆட்டத்தில் இதன் எடை 155.9 கிராமுக்குக் குறையாமலும் 163 கிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும், சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்டிமீட்டர். நம் நாட்டில் மீரட்டும் ஜலந்தரும் பந்துத் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள்.

பந்தைக் கால்சட்டையில் தேய்ப்பது ஏன்? அழகுக்காக அன்று. பந்து பறக்கும்போது அதன் தோலை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று தவழ்கிறது. வழுவழுப்பான பக்கத்தில் அப்படலம் அமைதியாக ஓடி, சீக்கிரமே பந்தை விட்டுப் பிரிந்துவிடும். சொரசொரப்பான பக்கத்திலோ படலம் கலங்கிச் சுழலும்; அந்தக் கலக்கமே அதற்கு வலிமை. பந்தின் பின்புறம் வரை ஒட்டிச் சென்று பிறகுதான் பிரியும். இரு பக்கமும் காற்று வெவ்வேறு இடத்தில் பிரிவதால், பந்து நேரே செல்லாமல் சொரசொரப்பான பக்கம் நோக்கி வளைகிறது. இதுவே 'ஸ்விங்'. பழைய பந்தை மிகு விரைவில் வீசினால் இது தலைகீழாவதும் உண்டு.

ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் தேய்க்க வேண்டும். இரு பக்கமும் பளபளத்தால் பயனில்லை. இரு பக்கமும் கெட்டாலும் பயனில்லை.

இரண்டு ஊர்கள், இரண்டு பகைகள்

எங்கள் மலையில் பந்துக்குப் பகை ஈரம். மாலையில் மூடுபனி இறங்கினால் புல் நனையும், பந்தும் நனையும். நனைந்த தோல் ஊறிப் பருக்கும்; தையல் தளரும். சிறுவயதில் ஒருநாள், நனைந்த பந்தை அடுப்பு மேடையில் நெருப்பருகே வைத்துவிட்டு உறங்கிவிட்டேன். காலையில் தோல் வெடித்திருந்தது. அம்மா அடிக்கவில்லை. "ஏன்டா, பச்சைக் கொழுந்தைக்கூட எடுத்த உடனே சூடு காட்டுறாங்களா? முதல்ல காத்துல வாட விடறாங்களே, பார்த்ததில்லையா?" என்றார். தேயிலை ஆலையின் முதல் வேலையே கொழுந்தை மணிக்கணக்காகக் காற்றில் வாட்டுவதுதான். தோலுக்கும் அதே நீதி! நீரை உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, நிழலில், காற்றோட்டத்தில், முழுமையாக ஒருநாள் வைக்க வேண்டும். வெயிலும் ஆகாது, அடுப்பும் ஆகாது.

பாலக்காட்டு எல்லையில் கதை வேறு. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மலையிடைக் கணவாய் வழியே காற்று ஓயாது வீசும். கோடையில் தரை காய்ந்து கல்லாகக் கிடக்கும். ஒரு மணி நேரத்தில் பந்தின் தோல் உரிந்துவிடும். அங்கே செய்ய வேண்டியவை மூன்று. ஆடுவோர் பந்தைத் தரையில் குத்தி எறியாமல் நேரே கைக்கு எறிய வேண்டும். வியர்த்த கையாலும் புழுதிக் கையாலும் பளபளப்பான பக்கத்தைத் தொடக்கூடாது; தையலைப் பிடித்தே கைமாற்ற வேண்டும். தேய்க்கும் பொறுப்பு ஒருவருக்கே இருக்க வேண்டும்.

எங்கள் அணியில் அந்தப் பொறுப்பு எனக்கு.

நான் செய்த பிழை

மறையூர், உடுமலை, பொள்ளாச்சி வழியே பேருந்து மாறிச் சித்தூர்ப் பக்கம் ஒரு போட்டிக்குச் சென்றோம். மலைக்குளிரில் உதடு வெடிக்கும் என்பதால் என் சட்டைப்பையில் எப்போதும் வாசலின் டப்பி ஒன்று இருக்கும். ஆட்டம் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. யாரும் பாராத நேரத்தில் விரல் நுனியில் சிறிது எடுத்துப் பந்தில் தேய்த்தேன். பந்து வளைந்தது. மூன்று விக்கெட்டுகள் விழுந்தன. வென்றோம்.

ஆட்டம் முடிந்ததும் எதிரணித் தலைவர் பந்தை எடுத்துப் பார்த்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பளபளத்த பக்கத்தில், மெழுக்கின்மேல் என் விரல் தடம் அப்படியே புழுதியாகப் படிந்திருந்தது. பந்தை என் கையில் கொடுத்து, "உதடு வெடிக்கிற குளிரு எங்க ஊர்ல இல்லீங்களே, தம்பி" என்று மெல்லச் சொன்னார். நடுவரிடம் போகவில்லை. அவர் போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

விதி என்ன சொல்கிறது? செயற்கைப் பொருள் எதுவும் இன்றி, காலத்தை வீணாக்காமல் பந்தைத் தேய்க்கலாம். நனைந்தால் நடுவர் ஒப்பிய துணியால் துடைக்கலாம். சேறு பட்டால் நடுவர் கண்ணெதிரே நீக்கலாம். மீறினால் எதிரணிக்கு 5 ஓட்டங்கள். வியர்வைக்கு இன்றும் தடையில்லை. எச்சிலை 2020-இல் தொற்றுநோயை முன்னிட்டுத் தடுத்தனர். 2022-இல் அத்தடை சர்வதேச ஆட்டங்களுக்கு நிலையானது.

வாசலின் கதை நம் சேப்பாக்கத்துக்கும் புதிதன்று. 1977 சனவரியில் அங்கு நடந்த டெஸ்டில், இங்கிலாந்தின் ஜான் லீவர் நெற்றியில் ஒட்டியிருந்த வாசலின் தோய்ந்த துணியைப் பற்றி இந்தியத் தலைவர் பிஷன் சிங் பேடி குற்றம் சாட்டினார். வியர்வை கண்ணில் விழாமல் தடுக்கவே அது என்றது இங்கிலாந்துத் தரப்பு. 2018 மார்ச்சில் கேப் டவுனில் உப்புத்தாளால் பந்தைத் தேய்த்த விவகாரத்தில் ஆஸ்திரேலியாவின் ஸ்மித்தும் வார்னரும் ஓராண்டு, பான்கிராப்ட் ஒன்பது மாதம் விலக்கப்பட்டனர்.

பேரங்காடிகளில் பத்துக் கட்டைகளை நோக்கிப் பெரும்பந்தை உருட்டும் 'பௌலிங்' ஆட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கும் இதே சிக்கல்தான். தளத்தில் பூசிய எண்ணெய் பந்தில் ஏறினால் பந்து பிடிப்பிழந்து வழுக்கும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் துணியால் துடைப்பார். பெரும் போட்டிகளில் ஆட்டத்தின் நடுவே உலர்ந்த துணி மட்டுமே. துப்புரவு நீர்மம் கூடாது. விளையாட்டு எதுவாயினும் வரம்பு ஒன்றே! இருப்பதைக் காப்பது பேணுதல். இல்லாததைப் பூசுவது வஞ்சம்.

இன்னொன்றும் கண்டேன். மெழுக்கு ஏறிய தோல் நாளடைவில் தொளதொளத்தது. தையல் இடுக்கெல்லாம் புழுதி அப்பியது. ஆறு மாதம் வர வேண்டிய பந்து ஆறு வாரத்தில் போயிற்று. அம்மாவின் இரண்டு நாள் உழைப்பை ஒரு விரல் நுனியில் அழித்தேன்.

அன்றாடப் பேணுகை

ஆட்டம் முடிந்ததும் பிழிந்த ஈரத்துணியால் புழுதியைத் துடையுங்கள். தையலை மெல்லிய தூரிகையால் தட்டுங்கள், நகத்தால் நெம்பாதீர்கள். நிழலில் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். பருத்திப் பை போதும். நிறமற்ற தோல் மெழுகைப் பயிற்சிப் பந்துக்கு மட்டும், மிகச் சிறிதளவு, எப்போதாவது இடலாம். போட்டிப் பந்துக்கு உங்கள் கால்சட்டையும் வியர்வையுமே போதும்.

அன்று வென்ற கோப்பை எங்கள் தோட்டத்து வாசகசாலையில் இன்றும் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதை என் அணித் தோழர்களிடம்கூடச் சொன்னதில்லை. இதோ, சொல்லிவிட்டேன். இந்த இதழில் ஒரு படியை அவர்களுக்கும், ஒரு படியைச் சித்தூர்ப் பக்கத்து அந்த அண்ணனுக்கும் அனுப்பப் போகிறேன்.

இப்போது நம் மாணவர் அணியின் பந்துகள் என் பொறுப்பில் உள்ளன. மாலை ஆட்டம் முடிந்ததும் வாருங்கள், சேர்ந்து துடைப்போம். பழைய வேட்டித் துணி இருந்தால் கொண்டுவாருங்கள். அதைவிட நல்ல துணி இதற்கு இல்லை.