இரத்தப் பரிசோதனைத் தாள் சொல்வது என்ன?

சுகாதார நிலையத்தில் இரத்தம் கொடுத்து வந்தபின் கைக்குக் கிடைக்கும் தாளில், ஏதேனும் ஓர் எண்ணின் அருகே நட்சத்திரக் குறி இருந்தால் நம்மவருள் பலர் கலங்கிவிடுகின்றனர். குறியே இல்லாவிட்டாலோ, மாத்திரையின் பயனால்தான் எண் அடங்கியது என்பதை மறந்து, மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். இவ்விரண்டில் பின்னதே அதிக ஆபத்தானது.

எண்ணுக்கு எதிரே அச்சிடப்பட்டிருக்கும் 'இயல்பு அளவு' எவ்வாறு வகுக்கப்படுகிறது? நல்ல உடல்நலமுடைய 100 பேரைச் சோதித்தால் ஏறத்தாழ 95 பேருடைய அளவு அடங்கும் எல்லையே பெரும்பாலும் இயல்பு எனக் கொள்ளப்படுகிறது. எஞ்சிய ஐவரும் நலமுள்ளவர்களே. ஆகவே, 20 சோதனைகள் கொண்ட தாளில் நோயற்றவருக்கும் ஓர் எண் எல்லை தாண்டி நிற்பதில் வியப்பில்லை.

சர்க்கரையின் எல்லை அவ்வாறன்று. நோயால் விளையும் கேட்டைக் கண்டு மருத்துவர்கள் வகுத்தது அது. வெறும் வயிற்றில் லிட்டருக்கு 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என ஐயுறுவர். அறிகுறி இல்லாதவருக்கு மறுமுறை சோதித்தே உறுதி செய்வர். வெறும் வயிறு என்பது குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறொன்றும் உட்கொள்ளாத நிலையாகும். விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படுமுன் குடிக்கும் பால் கோப்பியை நாம் உணவாகக் கருதுவதில்லை, இரத்தமோ கருதும்!

கிரியாட்டினின் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். அது தசைகளிலிருந்து வெளிப்படும் கழிவுப்பொருள். சிறுநீரகம் அதனை வடித்து வெளியேற்றுகிறது. செம்பனைக் குலை வெட்டிச் சுமக்கும் கட்டுடல் இளைஞருக்கு அது இயற்கையாகவே கூடுதலாக இருக்கலாம். மெலிந்த மூதாட்டிக்கோ தசை குறைவு; சிறுநீரகம் பழுதுபட்டிருந்தும் எண் எல்லைக்குள்ளேயே தோன்றலாம். அதனால்தான் வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்ட இ.ஜி.எப்.ஆர். என்னும் வடிகட்டும் அளவையும் மருத்துவர் பார்க்கிறார். அது 60க்குக் கீழே மூன்று மாதத்திற்கு மேல் நிலைத்திருந்தால் சிறுநீரக நோய் எனக் கொள்வர். நீரிழிவுள்ளோர் சிறுநீரில் புரதம் கலந்துள்ளதா என்றும் கேட்டறிதல் வேண்டும். பலருக்குக் கிரியாட்டினின் உயருமுன்னரே அது கேட்டைக் காட்டிவிடும்.

பொட்டாசியம் மிகுந்திருப்பின், இரத்தம் எடுக்கையில் சிவப்பணுக்கள் உடைந்ததும் காரணமாகலாம். ஆயினும் அதனை நாமே ஊகித்து வாளாவிருத்தல் கூடாது. உண்மையிலேயே மிகுந்திருந்தால் இதயத் துடிப்பு நின்றுபோகவும் கூடும்; தாமதமின்றி மறுசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பழைய தாள்களை எறிந்துவிடாமல் ஒவ்வொரு முறையும் உடன் கொண்டு செல்லுங்கள். சென்ற ஆண்டு 70ஆக இருந்த ஓர் ஆடவரின் கிரியாட்டினின் இவ்வாண்டு 100 ஆகியிருந்தால், குறி ஏதும் இல்லாத அத்தாளையும் மருத்துவர் கூர்ந்து நோக்குவார். முதுகு வலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் அப்போதே அவரிடம் மறைக்காமல் கூறிவிடுங்கள். அவற்றுள் சில சிறுநீரகத்தைக் கெடுப்பவை.