‘நாளைலேர்ந்து வர வேணாம்’ என்று ஏஜென்சி சொன்னால் நோட்டீஸ் கேட்க முடியுமா? 240 நாள் கணக்கு இதுதான்!

உத்திரமேரூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்களில் பலர் கம்பெனியின் நேரடி ஊழியர்கள் இல்லை. ஏஜென்சி எடுத்த ஆட்கள். ஷிப்ட் முடியும்போது ‘நாளைலேர்ந்து வர வேணாம்’ என்று சூப்பர்வைசர் சொன்னால், அத்தோடு முடிந்ததா?

ஒப்பந்தத்தில் 6 மாதம், 11 மாதம் என்று தேதி போட்டு, அந்தத் தேதியில் புதுப்பிக்காமல் விட்டால் சட்டப்படி அது ஆட்குறைப்பு ஆகாது. நோட்டீஸ் கேட்க வழியில்லை. கெடுவுக்கு முன்பே ஆட்குறைப்பு செய்தால் கதை வேறு. 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ், இல்லாவிட்டால் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். கூடவே, முழுதாக முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. 1947-ம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது.

சூட்சுமமே அந்த 240-ல்தான். அந்தக் கணக்கு நிரம்பும் முன் ‘பிரேக்’ கொடுத்து அனுப்புவது பழைய தந்திரம். ஆனால் சம்பளத்துடன் கூடிய ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் கணக்கில் சேரும் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘நாம 210 நாள்தானே வந்தோம்’ என்று ஒதுங்கிவிடுபவர் இதைக் கவனிக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், 240 நாளை நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது. சம்பள ரசீது, பி.எஃப். பதிவு, வருகைப் பதிவின் போட்டோ எல்லாம் அப்போதுதான் கைகொடுக்கும். குடவோலை முறையைச் சொல்லும் உத்திரமேரூர் கல்வெட்டு, வாரிய உறுப்பினர் பதவிக்காலம் 360 நாள் என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறது. இன்று அதே வட்டாரத்தில் வேலைக்குப் போகும் எத்தனை பேரிடம் ஒப்பந்த நகல் இருக்கிறது?

பாக்கிச் சம்பளத்துக்கு 240 நாள் கணக்கெல்லாம் கிடையாது. நீக்கினாலும் சரி, நீங்களே நின்றாலும் சரி, 2 வேலை நாட்களுக்குள் செட்டில் செய்ய வேண்டும். ஏஜென்சி கைவிரித்தால், வேலை வாங்கிய கம்பெனி தர வேண்டும்.

வேலைநீக்கத் தகராறை தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் கொண்டுபோகலாம். முன்பு இதற்கு 3 ஆண்டு அவகாசம் இருந்தது. இப்போது 2 ஆண்டுதான்.