எட்டாவது சர்வர்: டெஸ்ட் பாஸ் ஆனா போதுமா?

இன்னைக்கு எபிசோடை ஒரு மீட்டிங்ல இருந்து ஆரம்பிக்கிறேன். என்னோட முதல் கம்பெனி. வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. முந்தின நாள் ராத்திரி நாங்க விட்ட ரிலீஸ்ல, கஸ்டமர் எல்லாருக்கும் ஒரே இன்வாய்ஸ் மெயில் ரெண்டு தடவை போயிடுச்சு. காலையில மேனேஜர் முதல்ல திரும்பினது எங்க டீம்ல டெஸ்டரா இருந்த அக்கா பக்கம்தான். "இது எப்படி மிஸ் ஆச்சு?"

அவங்க டெஸ்ட் பண்ணின கோடுல தப்பே கிடையாது. ப்ரொடக்‌ஷன்ல ஓடிட்டிருந்த பழைய ஷெட்யூலரை நிறுத்த மறந்தது நான். புதுசும் ஓடுச்சு, பழசும் ஓடுச்சு. அந்த மீட்டிங்ல எனக்கு அது தெரியும். ஆனா நான் வாயைத் திறக்கல.

அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன். அதுக்கு முன்னாடி, இதே மாதிரி தப்பு ரொம்பப் பெரிய அளவுல நடந்த ஒரு சம்பவத்தைப் பார்க்கலாம்.

45 நிமிஷம்

நைட் கேப்பிட்டல்னு ஒரு அமெரிக்கப் பங்கு வர்த்தக கம்பெனி. 2012 ஆகஸ்ட் 1 அன்னைக்கு நியூயார்க் பங்குச் சந்தையில சில்லறை முதலீட்டாளர்களுக்காக ஒரு புதுத் திட்டம் தொடங்குது. அதுல கலந்துக்க, தங்களோட ஆர்டர் அனுப்புற சிஸ்டத்துக்கு இவங்க புது கோட் எழுதுறாங்க. அந்த சிஸ்டத்தோட வேலை சிம்பிள்தான்: ஒரு பெரிய ஆர்டர் வந்தா, அதைச் சின்னச் சின்ன ஆர்டரா பிரிச்சு சந்தைக்கு அனுப்பணும்.

அதே சிஸ்டத்துக்குள்ள "பவர் பெக்"னு ஒரு பழைய வசதி இருந்துச்சு. 2003லயே அதைப் பயன்படுத்துறதை நிறுத்திட்டாங்க, ஆனா கோடை அழிக்கல. அதை ஆன் பண்ற ஃபிளாக்கையே புது வசதிக்கும் எடுத்துக்கிட்டாங்க.

அந்த கோட் மொத்தம் எட்டு சர்வருக்குப் போகணும். டிப்ளாய் பண்ணினவர் ஏழுல போட்டார். எட்டாவது விட்டுப்போச்சு. இன்னொருத்தர் அதைச் சரிபார்க்கல. சரிபார்க்கணும்னு எழுதிவெச்ச நடைமுறையும் அங்க இல்ல.

காலை 9:30, சந்தை திறக்குது. புது ஃபிளாக்கோட வந்த ஆர்டர் எட்டாவது சர்வருக்குப் போனதும், அங்கே இருந்த பழைய பவர் பெக் முழிச்சுக்குது. "ஆர்டர் முடிஞ்சிடுச்சு, நிறுத்து"ன்னு அதுக்குச் சொல்ல வேண்டிய எண்ணிக்கைக் கணக்கை 2005லயே கோடுல வேற இடத்துக்கு மாத்தியிருந்தாங்க. மாத்தினதுக்கு அப்புறம் பவர் பெக்கை யாரும் திரும்ப டெஸ்ட் பண்ணல. அதனால அந்த சர்வருக்கு எப்போ நிறுத்தணும்னே தெரியல.

வந்தது 212 ஆர்டர். 45 நிமிஷத்துல நடந்தது 40 லட்சத்துக்கும் மேல வர்த்தகம். நஷ்டம் 46 கோடி டாலருக்கும் அதிகம். அடுத்த வருஷமே அந்த கம்பெனி இன்னொரு கம்பெனியோட இணைஞ்சு, தனி கம்பெனியா இல்லாம போச்சு.

டெஸ்டர் என்ன பண்ணியிருக்க முடியும்?

இப்போ நம்ம மேனேஜர் கேட்ட அதே கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்க. ஏழு சர்வர்ல புது கோட் இருந்துச்சு. பிரச்சினை வெடிச்சது அந்த கோடே போய்ச் சேராத இடத்துல. புது கோடை எத்தனை தடவை டெஸ்ட் பண்ணியிருந்தாலும் இது அதுல மாட்டியிருக்காது.

நாம டெஸ்டிங்கையும் குவாலிட்டி அஷ்யூரன்ஸையும் ஒண்ணாவே பேசிடுறோம். சமையல்ல வெச்சுச் சொல்றேன். சாம்பாரை ருசி பார்க்கிறது டெஸ்டிங். கிச்சன்ல நாலு பேர் இருக்கும்போது உப்பு யார் போடணும்னு முதல்லயே பேசிவெச்சுக்கிறது குவாலிட்டி அஷ்யூரன்ஸ். ருசி பார்த்தா உப்பு அதிகம்னு தெரியும், அவ்ளோதான். நாளைக்கும் ரெண்டு பேர் போடாம இருக்க, வேலை செய்ற முறை மாறணும்.

நைட் கேப்பிட்டல்ல அந்த முறை எங்கெல்லாம் ஓட்டையா இருந்துச்சுன்னு நம்ம செபி மாதிரியான அமெரிக்க ஆணையம் 2013ல கொடுத்த உத்தரவுலயே இருக்கு. அபராதம் 1.2 கோடி டாலர். எனக்கு அதுல ரெண்டு விஷயம் மறக்கவே மாட்டேங்குது.

ஒண்ணு, மெயில். சந்தை திறக்கிறதுக்கு முன்னாடியே, காலை எட்டு மணியில இருந்து பவர் பெக் பேரைச் சொல்லி சிஸ்டம் தானாவே 97 எரர் மெயில் அனுப்பியிருக்கு. அந்த மாதிரி மெயிலை வழக்கமா யாரும் பார்க்கிறதில்ல. நம்ம இன்பாக்ஸ்ல "அலர்ட்ஸ்"னு ஒரு ஃபோல்டர் போட்டு, ரூல் வெச்சுத் தள்ளிவிடுறோமே, அதேதான்.

ரெண்டாவது, ரோல்பேக். பதற்றத்துல, சரியா இருந்த ஏழு சர்வர்ல இருந்தும் புது கோடை எடுத்துட்டாங்க. விளைவு? அந்த ஏழும் பழைய கோடுக்குத் திரும்பி, பவர் பெக்கை ஓட்ட ஆரம்பிச்சுடுச்சு. ரோல்பேக் பாதுகாப்பானதுன்னு நாம எல்லாருமே நம்புறோம். ஆனா அதை ஒரு தடவையாவது ஒத்திகை பார்த்திருக்கோமா?

உங்க டீம்ல கேட்க வேண்டியது

பெரிய ப்ராசஸ் டாக்குமெண்ட் எல்லாம் வேண்டாம். அடுத்த ரிலீஸுக்கு முன்னாடி நாலே கேள்வி.

எல்லா சர்வர்லயும் ஒரே வெர்ஷன்தான் ஓடுதான்னு ஸ்கிரிப்ட் செக் பண்ணுதா, இல்ல ஒருத்தரோட ஞாபகத்தை நம்பியிருக்கோமா? பயன்படுத்தாத கோடை அழிச்சாச்சா? அலர்ட் வந்தா அதைப் பார்க்க வேண்டிய ஆள் யாருன்னு பேர் இருக்கா? எல்லாம் கைமீறிப் போனா, மொத்தமா நிறுத்த ஒரு வழி இருக்கா?

கிட் இருக்கிறதால கோடை அழிக்கப் பயப்படவே வேண்டாம். வேணும்னா ஹிஸ்டரியில இருந்து எடுத்துக்கலாம்.

மறுபடியும் அந்த மீட்டிங்

ரெண்டு நாள் கழிச்சு கேன்டீன்ல அந்த அக்காகிட்ட உண்மையைச் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல பா. நான் ரெண்டு நாளா என் டெஸ்ட் கேஸையே திரும்பத் திரும்பப் பார்த்துட்டு இருக்கேன்"னாங்க. கோபமாக்கூட சொல்லல. எனக்குத்தான் சாப்பாடு இறங்கல.

யோசிச்சுப் பாருங்க. நான் வாயை மூடியிருந்த அந்த ரெண்டு நாளும் டீம் தப்பான இடத்துல தேடிட்டு இருந்துச்சு. அந்தப் பழைய ஷெட்யூலர் அப்போகூட நிற்கவே இல்ல. இன்னொரு இன்வாய்ஸ் நாள் வந்திருந்தா மறுபடியும் ரெண்டு மெயில் போயிருக்கும். அன்னைக்குச் சாயங்காலமே மேனேஜர்கிட்ட போய்ச் சொன்னேன். திட்டு விழுந்துச்சு. ஆனா அடுத்த ரிலீஸ்ல இருந்து, என்னென்ன நிறுத்தணும்னு ஒரு செக்லிஸ்ட் வந்துச்சு. அதை நானும் அக்காவும் சேர்ந்துதான் எழுதினோம்.

ஒரு இன்சிடெண்ட்டுக்கு அப்புறம் ஆளைக் குறை சொல்லாம என்ன நடந்ததுன்னு எழுதுற பழக்கத்தை எட்ஸி, கூகுள் மாதிரி கம்பெனிகள் பரவலாக்கினதுக்குக் காரணம் இதுதான். "யாரு"ன்னு கேட்டா என்னை மாதிரி ஆளுங்க தலையைக் குனிஞ்சுக்குவாங்க. "எப்படி"ன்னு கேட்டா விவரம் வெளியே வரும்.

உங்க டீம்ல கடைசியா ஒரு ரிலீஸ் சொதப்பினப்போ முதல்ல வந்த கேள்வி என்ன? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசலாம். கம்பெனி பேர் மட்டும் வேண்டாம் மக்களே!